ஜீவனானந்த தாஸ்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

கொல்கத்தாவில் பதினோரு வருடம் வேலை பார்த்தபோது வங்க எழுத்தைக் கூட்டிப் படிக்கப் பழகினேன். ஊர் திரும்பிய பிறகு, மாதம் ஒரு ஞாயிறு, நாலைந்து நண்பர்களோடு உட்கார்ந்து வங்கக் கவிஞர் ஜீவனானந்த தாஸின் ஒரு கவிதையை வரிவரியாகப் படிக்கிறோம். ஒவ்வொரு தடவையும் புதிதாக யாராவது வருவார்கள், பழைய சந்தேகங்களையே கேட்பார்கள். ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் கையில் கொடுத்துவிடலாமே என்றுதான் இது. கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

ஜீவனானந்தரா, ஜிபனானந்தரா? எப்படித்தான் சொல்றது?

வங்காளிகள் வாயில் 'வ' வராது, 'ப'தான் (பாரதியின் 'ப' அல்ல, பாபுவின் 'ப'). அகரமும் ஒகரமாக உருளும். அதனால் அவர்கள் சொல்வது காதில் 'ஜிபொனானொந்தோ தாஷ்' என்று விழும். ஜீவன் + ஆனந்தம் என்று பொருள் நமக்கு நேரடியாகப் புரிவதால் தமிழில் ஜீவனானந்தர் என்றே எழுதுகிறேன். கொல்கத்தா போனால் அப்படிச் சொல்லாதீர்கள்.

குடும்பப் பெயர் தாஸ்குப்தா. ஆரம்பத்தில் அப்படித்தான் கையெழுத்திட்டார், 1927 வாக்கில் 'குப்தா'வை உதறினார். வீட்டில் கூப்பிட்ட பெயர் மிலு. எவ்வளவு பெரிய மனிதரானாலும் வங்காளிக்கு இப்படி ஒரு வீட்டுப் பெயர் இருக்கும்.

வங்கக் கவிதைன்னா தாகூர்தானே சார்? அவருக்கு அப்புறம் என்ன இருக்கு?

1920களில் வங்காளத்து இளைஞர்களையும் இதே கேள்விதான் படுத்தியது. தாகூர் உயிரோடு இருக்கிறார், தினமும் எழுதுகிறார், எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் நிழல். அந்த நிழலை விட்டு வெளியே வந்தவர்களில் ஐந்து பேரை வங்காளிகள் பஞ்ச பாண்டவர் என்றே சொல்வார்கள்: ஜீவனானந்த தாஸ், சுதீந்திரநாத் தத்தா, அமிய சக்ரவர்த்தி, புத்ததேவ போஸ், விஷ்ணு தே. ஐவருமே ஏதோ ஒரு காலத்தில் வகுப்பில் சாக்பீஸ் பிடித்தவர்கள். பலருக்கும் பாடம் ஆங்கில இலக்கியம்.

உயிரோடிருந்த காலத்தில் இந்த ஐவரில் ஜீவனானந்தர்தான் ஓரத்தில் நின்றவர். கூட்டத்தில் பேசமாட்டார், சண்டைக்குப் போகமாட்டார். இன்றைக்கு வங்காளியிடம் தாகூருக்குப் பிறகு யார் என்று கேட்டால் பெரும்பாலும் இவர் பெயர்தான் முதலில் வரும்.

அவர் இந்தியரா, பங்களாதேஷ்காரரா?

பிறந்தது 1899 பிப்ரவரியில், பரிசாலில். அப்போது பிரிட்டிஷ் இந்தியா, இப்போது பங்களாதேஷ். இறந்தது 1954இல் கொல்கத்தாவில். 1946இல் கொல்கத்தா வந்தவருக்கு, அடுத்த ஆண்டு பிரிவினை வந்ததும் பரிசால் வேறு நாடாகிவிட்டது. இரண்டு நாடுகளும் அவரைத் தம்மவர் என்கின்றன, இரண்டும் சொல்வது சரிதான்.

பரிசால் எப்படிப்பட்ட ஊர் என்று தெரிந்துகொள்வது இதைவிட முக்கியம். கழிமுகத்துப் பூமி. கீர்த்தன்கோலா ஆறு, எந்தப் பக்கம் போனாலும் ஓடை, வயல், படகு. அவர் கவிதையில் வரும் தான்சிரி ஆறு பக்கத்து ஜாலகாட்டியில் ஓடுகிறது. பூமியின் அழகைத் தேடி இனி நான் போகமாட்டேன், வங்காளத்தின் முகத்தைப் பார்த்துவிட்டேன் என்று ஒரு கவிதையைத் தொடங்குகிறார். வெளியூர்க்காரன் வாயில் அது வெறும் பெருமைப் பேச்சாகப் போயிருக்கும். அடுத்தடுத்த வரிகளில் அத்திமரத்தின் குடைபோன்ற பெரிய இலைக்கடியில் விடியற்காலைக் குண்டுக்கரிச்சான் உட்கார்ந்திருப்பதைச் சொல்லும்போதுதான் நமக்கு நம்பிக்கை வருகிறது.

அவங்க அம்மாவும் கவிஞராமே?

ஆமாம், குசுமகுமாரி தாஸ். 'பேச்சில் அல்ல, செயலில் பெரியவனாகும் பிள்ளை நம் நாட்டில் எப்போது வருவான்' என்று தொடங்கும் அவர் பாட்டைப் படிக்காத வங்காளிக் குழந்தை அபூர்வம். அப்பா சத்தியானந்த தாஸ் பள்ளி ஆசிரியர், சமயச் சீர்திருத்த இயக்கமான பிரம்ம சமாஜத்தின் 'பிரம்மவாதி' இதழை நடத்தியவர். மகனின் முதல் கவிதை அதில்தான் 1919இல் வந்தது.

அம்மா பாடிய அந்தப் பிள்ளை நம் ஆள் அல்ல என்று கொல்கத்தா நண்பர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்வார். பேச்சிலும் பெரியவராகவில்லை, உலகம் செயல் என்று சொல்வதிலும் பெரியவராகவில்லை.

எந்தக் காலேஜ்ல வாத்தியாரா இருந்தார்?

எந்தக் காலேஜில் இல்லை என்று கேட்பது சுலபம். பிரசிடென்சி கல்லூரியில் ஆங்கில ஆனர்ஸ், 1921இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. இரண்டாம் வகுப்பு. இந்த இரண்டாம் வகுப்பு கடைசிவரை ஒரு கல்லாகக் காலில் கட்டியிருந்தது. 1922இல் கல்கத்தா சிட்டி கல்லூரியில் சேர்ந்தார், 1928இல் வேலை போயிற்று. பாகேர்ஹாட்டில் ஒரு கல்லூரியில் சில மாதம். பிறகு தில்லி ராம்ஜஸ் கல்லூரி. 1930 மே மாதம் லாவண்யாவோடு டாக்காவில் கல்யாணம், அதற்காக வந்தவருக்குத் தில்லி வேலையும் நிலைக்கவில்லை. பிறகு ஐந்து வருடம் நிரந்தர வேலை கிடையாது. இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாகக்கூட அலைந்தார்.

1935இல் தான் படித்த பரிசால் பிரஜமோகன் கல்லூரியே வேலை கொடுத்தது. நீண்ட காலம் நிம்மதியாக இருந்தது அங்கேதான், அதையும் பிரிவினை பறித்தது. கொல்கத்தாவில் 'சுவராஜ்' நாளிதழின் ஞாயிறு இலக்கியப் பகுதியில் சில மாதம். கரக்பூர் கல்லூரியில் சில மாதம். பிறகு பரிஷா கல்லூரி, கடைசியாக ஹவுரா பெண்கள் கல்லூரி. ஐம்பது வயது தாண்டியும் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அவரைப் படியுங்கள். 'கனவுலகக் கவிஞர்' என்ற பட்டம் அப்போது தானாக உதிரும்.

ஆபாசக் கவிதை எழுதினதாலதான் வேலையை விட்டுத் தூக்கினாங்களாமே?

இல்லை. நல்ல கதை, தேதிதான் இடிக்கிறது. கதையில் வரும் கவிதை 'கேம்பில்'. அது 'பரிசய்' இதழில் வந்தது 1932இல், சிட்டி கல்லூரி வேலை போனது 1928இல்.

நடந்தது வேறு. சிட்டி கல்லூரி பிரம்ம சமாஜத்தாருடையது, அவர்களுக்கு உருவ வழிபாடு ஆகாது. அந்தக் கல்லூரியின் ராம்மோகன் விடுதியில் இந்து மாணவர்கள் சரஸ்வதி பூஜை நடத்த, நிர்வாகம் தண்டிக்க, பெரிய கிளர்ச்சியாகிவிட்டது. சுபாஷ் சந்திர போஸ் மாணவர் பக்கம் நின்றார், தாகூர் கல்லூரி பக்கம். மாணவர்கள் கூட்டமாக விலகினார்கள், கட்டண வருமானம் விழுந்தது, கடைசியில் சேர்ந்த ஆசிரியர்களை முதலில் அனுப்பினார்கள். இவர் இளையவர், அதனால் போனார். கவிதைக்காக வேலை இழந்தார் என்றால் ஒரு கௌரவமாவது இருக்கும். பட்ஜெட்டுக்காக இழந்தார்.

அப்போ அந்த 'கேம்பில்' கவிதைல ஆபாசமா ஒண்ணும் இல்லையா?

காமம் இருக்கிறது, ஆபாசம் இல்லை. வசந்த கால இரவு, காட்டில் வேட்டைக்காரர்களின் கூடாரம். ஒரு பெண்மானின் குரலை வைத்து ஆண்மான்களை வரவழைக்கிறார்கள். கூடாரத்தில் படுத்திருப்பவன் அந்த அழைப்பையும், பிறகு துப்பாக்கிச் சத்தத்தையும் கேட்கிறான். விடிந்தால் தட்டில் மான்கறி. நம் எல்லோருடைய ஆசையும் இப்படித்தானே சுடப்படுகிறது என்று அவன் மனம் ஓடுகிறது. 'சனிபாரேர் சிட்டி' இதழாசிரியர் சஜனிகாந்த தாஸ் இதைக் கிழித்துத் தோரணம் கட்டினார். இவர் கவிதைகளைப் பல ஆண்டுகள் விடாமல் நையாண்டி செய்தவர் அவர். பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வருவார்.

வங்க மூலத்தில் அந்த மானுக்கு 'கா(ய்) ஹரிணி' என்று ஒரு வேட்டைச் சொல் இருக்கிறது. தமிழில் என்ன சொல்வது என்று விழித்துக்கொண்டிருந்தபோது கூட்டத்துக்கு வந்த ஒரு தமிழாசிரியை புறநானூறு 320ஐ எடுத்துப் போட்டார்: 'பார்வை மடப்பிணை'. பிற மான்களைப் பிடிக்கப் பழக்கி வைத்த பெண்மான். அங்கே வேட்டுவன் களைத்துத் தூங்குகிறான், தனியாக வந்த கலைமான் அந்தப் பிணையோடு கூடி விளையாடுகிறது, வேட்டுவன் மனைவி சத்தம் போடாமல் இருக்கிறாள். இங்கே யாரும் தூங்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்த அந்த ஞாயிறு எனக்கு மறக்காது.

நல்லா பாடம் நடத்துவாரா?

மேடைப் பேச்சாளர் ரகமல்ல. கூச்சம் மிகுந்தவர். வேலையின் மேல் அவருக்கு அன்பு இருந்ததாகவும் சொல்ல முடியாது. கற்பிப்பது சோறு, எழுதுவது உயிர், சோறு உயிரைத் தின்றுகொண்டே இருந்தது.

பேராசிரியர் இனத்தைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பதற்கு 'சமாரூட' என்ற கவிதை போதும். விமர்சகரைப் பார்த்து, நீங்களே ஒரு கவிதை எழுதுங்களேன் என்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் பல் இல்லை, கண்ணில் பீளை. மாதச் சம்பளம் ஆயிரம் ரூபாய், செத்துப்போன கவிஞர்களின் சதையையும் புழுவையும் கொத்தி எடுத்து மேலும் ஆயிரத்தைந்நூறு. இதை எழுதியவர் தானும் அதே நாற்காலிக்கு மனுப் போட்டவர், ஆயிரம் ரூபாயைக் கண்ணால் பார்க்காதவர். அதனால் இதில் எவ்வளவு கோபம், எவ்வளவு பொறாமை, எவ்வளவு தன்னையே இகழ்வது என்று பிரிப்பது கஷ்டம். எனக்கு மூன்றும் இருப்பதாகவே படுகிறது.

வனலதா சேன் யாரு? நிஜமான பொண்ணா?

வங்காளத்தில் அதிகம் மனப்பாடமான காதல் கவிதை இந்த 'வனலதா சேன்'. 1935 டிசம்பரில், புத்ததேவ போஸின் 'கவிதா' இதழில் வந்தது. பதினெட்டு வரி. ஆயிரம் ஆண்டுகளாக ஒருவன் பூமியின் பாதைகளில் நடக்கிறான், சிங்களக் கடலிலிருந்து இரவின் இருளில் மலாயாக் கடல் வரை. பிம்பிசாரன், அசோகன் உலகங்களில் இருந்திருக்கிறான், விதர்ப்ப நகரத்தில் இருந்திருக்கிறான். களைத்துப் போனவனுக்கு இரண்டு கணம் அமைதி தந்தவள் நாட்டோர் ஊர் வனலதா சேன்.

நாட்டோர் வடக்கு வங்காளத்தில் உள்ள ஒரு ஊர். சேன் சாதாரணக் குடும்பப் பெயர். விதிசை, சிராவஸ்தி என்று புராதனப் பெயர்களாக வந்துகொண்டிருக்கும்போது திடீரென்று வகுப்பு வருகைப் பதிவேட்டில் கூப்பிடுவதுபோல ஒரு முழுப்பெயர். அந்த இறக்கத்தில்தான் கவிதை உட்கார்ந்திருக்கிறது.

நிஜப் பெண்ணா என்று அறுபது எழுபது வருடமாகத் துப்புத் துலக்குகிறார்கள். அவர் 1933இல் எழுதி வெளியிடாமல் வைத்த 'காருபாசனா' நாவலில் அண்டை வீட்டுப் பெண்ணாக ஒரு வனலதா வருகிறாள். ஆக, கவிதைக்கு முன்பே அந்தப் பெயர் அவர் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. இதற்கு மேல் தோண்டுவதில் எனக்கு ஆர்வம் இல்லை.

கண்ணைப் போய் பறவைக் கூட்டோட ஒப்பிட்டிருக்காரே, நல்லாவா இருக்கு?

இதைக் கேட்காமல் ஒரு கூட்டமும் கலைந்ததில்லை. 'பறவைக் கூடு போன்ற கண்களை உயர்த்தி' என்பது வரி. சுள்ளியும் வைக்கோலுமாகக் கண்ணைக் கற்பனை செய்துகொண்டு சிரிக்கிறார்கள். தொல்காப்பியர் உவமையை வினை, பயன், மெய், உரு என்று நாலாகப் பிரித்திருக்கிறாரே, நாம் இதை உருவுவமை என்று எடுத்துக்கொள்கிறோம். இது பயனுவமை. கூட்டால் பறவைக்கு என்ன பயன்? பொழுது சாய்ந்தால் திரும்ப ஒரு இடம். கடைசிப் பத்தியில் பருந்து தன் சிறகிலிருந்து வெயிலின் வாசனையைத் துடைத்துக்கொள்கிறது, எல்லாப் பறவைகளும் வீடு திரும்புகின்றன, எல்லா நதிகளும். கண்ணில் வைத்த கூட்டுக்கு அங்கே பறவைகள் வந்து சேர்கின்றன.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அவள் கேட்கும் ஒரே கேள்வி, 'இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்?' மூலத்தில் மரியாதைப் பன்மை. 'எங்கே இருந்தாய்' அல்ல. ஆங்கிலத்தில் இது தொலைந்துபோகும், தமிழில் அப்படியே வரும். காதலியா, அறிமுகமானவளா, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிறாளா? அந்த 'தீர்கள்' ஒன்று போதும், காதல் கவிதை என்று நான் மேலே சொன்னதே ஆட்டம் கண்டுவிடுகிறது.

தாகூருக்கு இவரைப் பிடிக்காதாமே?

பாதி உண்மை. இளைஞர் அனுப்பிய கவிதைகளைப் பார்த்து, உனக்குக் கவித்துவ சக்தி இருக்கிறது, ஆனால் மொழியை ஏன் இப்படிப் பலவந்தம் செய்கிறாய் என்ற பொருளில் தாகூர் பதில் எழுதினார். பின்னால் 'மரணத்துக்கு முன்' கவிதையைப் படித்துவிட்டு 'சித்ரரூபமய்' என்று பாராட்டினார், சித்திர வடிவானது என்று. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு விமர்சகர்கள் பல வருடம் ஓட்டினார்கள். முதல் கடிதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பலவந்தம் என்று தாகூர் சரியாகத்தான் கண்டார், அதுதான் பிற்பாடு நவீன கவிதையாயிற்று.

உயிரோட இருந்தப்போ நாவல் ஒண்ணுகூடப் போடலைன்னு சொல்றது நிஜமா?

நிஜம். வெளியே தெரிந்த புத்தகங்கள் கவிதைகள் மட்டும்: 'ஜரா பாலக்' (1927), 'தூசர பாண்டுலிபி' (1936), 'வனலதா சேன்' (1942), 'மகாபிருதிவி' (1944), 'சாத்தி தாரார் திமிர்' (1948), இறந்த வருடம் வந்த தேர்ந்தெடுத்த கவிதைகள். இறந்த பிறகு டிரங்குப் பெட்டிகளைத் திறந்தால் நோட்டுப் புத்தகங்கள், அடுக்கடுக்காக. இருபது நாவல் அளவுக்கு, நூறுக்கு மேல் சிறுகதை, நாட்குறிப்புகள், வெளிவராத கவிதைகள். உரைநடையில் பெரும்பகுதி மேலே சொன்ன வேலையில்லாத ஐந்து வருடங்களிலும் 1948ஐ ஒட்டியும் எழுதியது. படித்த, வேலை கிடைக்காத கணவன், பேச்சு வற்றிய வீடு, இதுதான் மீண்டும் மீண்டும் வருகிறது. 1973இல் அச்சான 'மால்யபான்' நாவலைப் படித்தவர்களுக்கு இதை விளக்கவேண்டாம்.

பரிசாலின் அழகைப் பாடும் 'ரூபசி பாங்ளா' கவிதைகளும் 1934இல் எழுதி அப்படியே மூடி வைத்தவை. 1957இல் தம்பி அசோகானந்தர் வெளியிட்டார். அடுத்த பிறவியில் மனிதனாக அல்ல, ஒரு செம்பருந்தாகவோ மைனாவாகவோ தான்சிரிக் கரைக்குத் திரும்புவேன் என்ற கவிதை இதில்தான் இருக்கிறது. 1971 விடுதலைப் போரின்போது இந்தக் கவிதைகள் பங்களாதேஷ் மக்களின் சொந்தச் சொத்தாகின. எழுதி முப்பத்தேழு வருடம் கழித்து.

அப்போ இவர் இயற்கைக் கவிஞர்தானே?

பள்ளிப் பாடப்புத்தகம் அப்படிச் சொல்லும். முந்தைய பதிலில் உள்ள தொகுப்போடு நின்றுவிட்டால் நீங்களும் அப்படியே சொல்வீர்கள். 'எட்டு வருடங்களுக்கு முன் ஒருநாள்' கவிதையைப் படியுங்கள். மனைவி, குழந்தை, எல்லாம் இருந்த ஒருவன் நிலா மறைந்த இருட்டில் கயிற்றோடு மரத்தடிக்குப் போகிறான். இப்போது பிணவறை மேசையில் கிடக்கிறான். வறுமையும் இல்லை, காதல் தோல்வியும் இல்லை, ரத்தத்துக்குள் ஏதோ ஒன்று விளையாடிக் களைப்பாக்குகிறது என்கிறார். அதே கவிதையில் கிழ ஆந்தை ஒன்று எலி பிடிக்கும் உற்சாகத்தில் இருக்கிறது.

பின்னாளில் பஞ்சம், போர், கலவரம் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. '1946-47' என்றே ஒரு கவிதை. வினோதமான ஒரு இருள் இந்தப் பூமிக்கு வந்திருக்கிறது, யார் குருடரோ அவர்களுக்குத்தான் இன்று அதிகம் கண் தெரிகிறது என்ற வரிகளைக் கொல்கத்தாச் செய்தித்தாள்கள் தேவைப்படும்போதெல்லாம் எடுத்துப் போடும்.

டிராமில் விழுந்து தற்கொலை பண்ணிக்கிட்டாரா?

1954 அக்டோபர் 14, சாயங்காலம். வழக்கமான நடை முடித்துத் திரும்பும்போது ராஷ்பிஹாரி அவென்யூவில், தேசப்பிரிய பூங்கா அருகே, டிராம் மோதியது. எலும்புகள் முறிந்தன. சம்புநாத் பண்டிட் மருத்துவமனையில் எட்டு நாள், நிமோனியா வேறு. 22ஆம் தேதி இரவு இறந்தார்.

டிராம் மெதுவாகப் போகும் வண்டி, மணியடித்துக்கொண்டு வரும், அதில் எப்படி அடிபட முடியும் என்பதுதான் சந்தேகத்தின் வேர். மேலே சொன்ன தற்கொலைக் கவிதை எண்ணெய் ஊற்றியது. தன்னை மறந்து நடக்கிறவர், வயது 55, நீரிழிவு உடம்பு, மங்கும் வெளிச்சம் என்று எதிர்த் தரப்பும் சொல்லும். கவிதையை வைத்து மரணச் சான்றிதழ் எழுதக்கூடாது என்பது என் கட்சி.

எனக்கு அந்த எட்டு நாள்தான் முக்கியம். சஜனிகாந்த தாஸை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? சிகிச்சைக்காக ஓடியாடியவர்களில் அவர் ஒருவர். அவர் சொல்லித்தான் முதலமைச்சர், தானும் ஒரு மருத்துவரான விதான் சந்திர ராய் வந்து பார்த்தார். படுக்கையருகே இரவு பகலாக இருந்த இளைஞர்களில் ஒருவர் மருத்துவ மாணவர் பூமேந்திர குஹ. பின்னாளில் இதய அறுவை நிபுணரானவர், கூடவே அந்த டிரங்குப் பெட்டி நோட்டுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படியெடுப்பதில் ஆயுளைச் செலவிட்டவர். அவர் பதிவு செய்த ஒரு பேச்சு: வங்க இலக்கியத்துக்கு நிறைய விட்டுப் போயிருக்கலாம், எனக்கு என்ன விட்டுப் போனார் என்று லாவண்யா கேட்டாராம். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது.

விருது ஏதாவது?

1955இல் சாகித்திய அகாதெமி விருது, தேர்ந்தெடுத்த கவிதைகளுக்கு. ஒரு வருடம் தாமதம்.

தமிழ்ல கொண்டு வரும்போது எது ரொம்பக் கஷ்டம்?

பறவையும் மரமும் கஷ்டம் என்பார்கள், அதெல்லாம் சமாளிக்கலாம். 'சங்க சில்' என்றால் செம்பருந்து, நம் ஊரில் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வோமே, அது. 'சாலிக்' மைனா. ஹிஜல் நீரோரத்தில் சிவப்புப் பூச்சரம் தொங்கும் மரம், ஹிஜல் என்றே விட்டுவிடலாம்.

உண்மையான தலைவலி வினைச்சொல். அவர் காலத்தில் வங்காளத்துக்கு இரண்டு நடை, பழைய ஏட்டு நடை, புழங்கும் நடை. ஒரே கவிதையில் இரண்டையும் கலப்பார். வனலதா சேன் முதல் வரியில் வரும் 'ஹாண்டிதேச்சி' ஏட்டு வடிவம், வங்காளி காதுக்கு அதிலேயே ஆயிரம் வருடம் கேட்டுவிடும். அவள் வாய்திறந்து கேட்கும் கேள்வி இன்றைய பேச்சு. 'நடந்துகொண்டிருக்கிறேன்' என்றால் பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி இருக்கிறது. 'நடக்கின்றேன்' கொஞ்சம் விறைப்பு. போன மாதம் 'நடந்து வருகிறேன்' என்று எழுதினேன், கூட்டத்தில் ஒருவர், யாரைப் பார்க்க என்று கேட்டார். அந்த வரியை அடித்துவிட்டேன்.